சாவிக்காரர் குடிக்காத தண்ணீர்

போன மாதம், நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஊரில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டைக் காட்ட வீட்டுக்காரர் தன் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள் முதல் தெருவில் ஒரு குடித்தனத்தில் மோர் வாங்கிக் குடித்தார். அடுத்த தெருவில் காப்பி. மூன்றாவது இடத்தில் வெற்றிலைத் தட்டு வந்ததும் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் நம்ம வீடு மாதிரிதான் டீச்சர்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அவர் கேட்டார். சொல்வதென்றால் அருப்புக்கோட்டையில் ஒன்பது வீட்டு வளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்று விட்டுவிட்டேன்.

ஒரே சந்தில் சேர்ந்தாற்போல் இருந்த அந்த ஒன்பது வீடும் கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்குச் சொந்தம். முதலாளியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வீடுகளை வாடகைக்கு விடுவது, வாடகை வாங்குவது, ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, ஒத்துவராத குடித்தனத்தைக் காலி செய்யச் சொல்வது, எல்லாவற்றுக்கும் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார். கடிதத்தில் அவருக்குக் காரியஸ்தர் என்று பேர். வளவில் சாவிக்காரர். சொந்தப் பேரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் தெருவுக்குள் நுழைவது காதுக்குத்தான் முதலில் தெரியும். இடுப்பு வளையத்தில் ஒன்பது மறுசாவிகள். தோளில் ஒரு சுரைக்குடுக்கை. அதற்குள் அவர் வீட்டுத் தண்ணீர் களக் களக் என்று ஆடும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று அடையாளம் வைக்க, தறிக்காரர்கள் கழித்துப் போட்ட நூலில் நிறத்துக்கு ஒன்றாக எடுத்துக் கட்டியிருந்தார். முதல் வீட்டுக்குச் சிவப்பு. கடைசி வீடான எங்களுக்கு மஞ்சள். அந்தச் சாவிகளைப் போட்டு அவர் ஒரு வீட்டையும் திறந்ததில்லை. ஆள் இல்லாத வீட்டின் முன்னால் நின்று, கதவைப் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் வருவார்.

சாவியைவிட எனக்கு அந்தச் சுரைக்குடுக்கைதான் நினைவில் நிற்கிறது.

எங்கள் சொந்த ஊர் பரளச்சி. இரண்டு வருடம் மழை தவறியதும் அப்பா நிலத்தைப் பெரியப்பா பொறுப்பில் விட்டுவிட்டு, வண்டியையும் ஒரு ஜோடி மாட்டையும் நம்பி டவுனுக்குக் கிளம்பினார். பருத்தி மூட்டையும் நூல் பேலும் லோடு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். லோடு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. ஆளுக்கு வீடு தருகிறவர்கள் மாட்டுக்குத் தரமாட்டார்கள். ஒன்பது வீட்டு வளவின் கடைசி வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு கொட்டில் இருந்தது. அப்பா போய்க் கேட்டார்.

"இப்ப எங்க குடியிருக்கீக?" என்றார் சாவிக்காரர்.

"பரளச்சியில."

"சரி, அடுப்பப் பாத்துட்டுச் சொல்றேன்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலாம் நாள் உச்சி வெயிலில், சாவிக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்து பரளச்சியில் எங்கள் வாசலில் நின்றார். அம்மாவிடம், "அடுப்பப் பாக்கணும் தாயி," என்றார்.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த வழி அது. வீடு கேட்டு வரும்போது எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். விட்டுவிட்டுப் போகிற வீட்டின் அடுப்பைப் பார்த்தால்தான் ஆள் தெரியும் என்பார். இனி நமக்கில்லை என்று தெரிந்த பிறகும் அடுப்பை மெழுகி வைக்கிறவள் எந்த வீட்டையும் பாழாக்க மாட்டாள். அம்மா கூச்சத்தோடு ஒதுங்கி நின்றாள். அவர் குனிந்து, சாம்பல் அள்ளியிருக்கிறதா, விரிசலில் மண் பூசியிருக்கிறதா என்று பார்த்தார். நிமிர்ந்து, "வீடு தரலாம்," என்றார்.

அம்மா சந்தோஷத்தில் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் சீமையில் வெயிலில் வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. கொடுத்ததை வாங்காமல் போகிறவரும் கிடையாது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. இந்த நிமிசத்துல இருந்து நீங்க நம்ம குடித்தனம்."

வெளியே போய், வேலியோரம் நின்று, தன் குடுக்கையைத் திறந்து குடித்தார்.

அவர் போன பிறகு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "சாதி பாக்குறான். நம்ம கையில தண்ணி குடிக்க மாட்டானாம். இவன் வீட்டுல நாம போய் இருக்கணுமா?"

"மாட்டுக்குக் கொட்டில் இருக்குல்ல," என்றாள் அம்மா. "அவுக குடிக்காட்டிப் போறாக."

சாதி இல்லை என்பது வளவுக்குக் குடிவந்த பிறகு தெரிந்தது. ஐந்தாம் வீட்டில் அவருடைய சொந்தச் சித்தப்பா மகளே குடியிருந்தாள். அவள் மகள் பெரியவளானபோது அவர் முறையாகச் சீர்வரிசையோடு வந்தார். சீரை வைத்தார். பந்தியில் உட்காரவில்லை. தெருமுனைக்குப் போய்க் குடுக்கையைத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் பின்னாலேயே ஓடி, "அண்ணனா வந்தா உக்காரு, சாவிக்காரனா வந்தா சீரத் தூக்கிட்டுப் போ," என்று அழுதாளாம். "ரெண்டும் ஒரே ஆளாப் போச்சே புள்ள, நான் என்ன செய்ய," என்றாராம் இவர். இதை நாகம்மா அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குரலைக் கனமாக்கி நடித்துக் காட்டுவாள்.

நாகம்மா அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். காலையில் அவர்கள் சந்து நெடுக நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். சாவிக்காரர் அந்தப் பாவில் வேட்டி நுனிகூடப் படாமல் சுவரோடு சுவராக ஒட்டி நடந்துவருவார். "இம்புட்டு ஒதுங்குறீகளே அண்ணாச்சி, நூலுல கை பட்டாலும் தீட்டா?" என்பாள் அக்கா. அவர் சிரிக்க மாட்டார். ஆனால் மறுநாளும் அதே இடத்தில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவார்.

அம்மா ஒரு நாள் நேராகவே கேட்டாள். "ஒரு வாய் தண்ணியில என்ன இருக்கு அண்ணாச்சி?"

அவர் ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுக்கு முன்ன வேற ஒரு முதலாளிக்கு வீடுகளப் பாத்துக்கிட்டேன். அதுல ஒரு வீட்டுல தினம் நீச்சத்தண்ணி குடுப்பாக. குடிப்பேன். அவுகளைக் காலி பண்ணச் சொல்லணும்னு ஒரு நாள் உத்தரவு வந்துச்சு. போய் நின்னேன். வாய் வரல. ஏழு நாளு போனேன். ஏழு நாளும் குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன். எட்டாம் நாளு அந்த முதலாளி ஆள விட்டுச் சாமான வீதியில வீசிட்டாரு. மொத நாளே நான் சொல்லியிருந்தா அவுக மெதுவா எடுத்து வச்சிருப்பாக. ஒரு பானை உடைஞ்சிருக்காது."

அதற்குப் பிறகு அம்மா அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை.

ஆனால் அந்த நியாயம் வளவுப் பெண்களுக்கு வேறொரு இடத்தில் இடித்தது. வளவின் நடுவில் ஒரு கிணறு உண்டு. தண்ணீருக்குக் குறைவில்லை. வாயில் வைத்தால் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம். அதில் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு ஊருணிக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். வளவின் மேற்கு மூலையில் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதலாளி மனசு வைக்க வேண்டும். அதற்குச் சாவிக்காரர் ஆள் வைத்துக் கடிதம் எழுத வேண்டும்.

சாவிக்காரர் தன் கண்ணால் பார்க்காத எதையும் முதலாளிக்கு எழுதமாட்டார். கூரை ஒழுகுகிறது என்று ஒரு வீட்டில் சொன்னால், மழை பெய்யும்போது வந்து உள்ளங்கையை நீட்டி நிற்பார். கையில் சொட்டு விழுந்தால் எழுதுவார்.

"தண்ணி உப்புன்னு எழுதுங்க அண்ணாச்சி," என்றாள் நாகம்மா அக்கா.

"எழுதலாம். குடிச்சுப் பாத்தாத்தான எழுத முடியும்?"

"குடிச்சுப் பாருங்க."

"நான் குடிக்க மாட்டேனே."

"இது ஒண்ணும் எங்க வீடு இல்ல. உங்க முதலாளி கிணறு."

"கிணறு அவுகளது. கயிறும் வாளியும் உங்களது."

"அப்ப உங்க வீட்டு வாளியக் கொண்டாங்க."

"வாடகைக்கு விட்ட கிணத்துல முதலாளி ஆளு வாளி போடக்கூடாது. அப்பறம் அவன் அவன் மாட்டுக்கு இறைப்பான், தோட்டத்துக்கு இறைப்பான். அது நான் போட்ட சட்டம். நானே மீறவா?"

அக்கா தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னாள். அவருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர் மாதிரி சுவரோரமாக நடந்து போனார். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார்கள். இப்படி எத்தனையோ கோடை.

நான் பள்ளிக்கூடம் போனது அந்த வளவிலிருந்துதான். பரளச்சியில் இருந்தவரை என் கையில் புல்லறுக்கும் அரிவாள் இருந்தது. டவுனில் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நானே போய் வாசலில் நின்றேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமில்லை. அப்பா லோடு அடிக்கிற இடத்திலெல்லாம், "என் மகளுக்கு எல்லா எழுத்தும் தெரியும்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சாவிக்காரர் காதிலும் அது விழுந்தது. அதுவரை முதலாளி கடிதங்களைத் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அந்த மனிதர் ஊருக்கே கேட்கிற மாதிரி படிப்பார். ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவிடம் கேட்டார். "உங்க மகளு சத்தம் போடாமப் படிக்குமா?"

அன்றிலிருந்து நான் படித்தேன், எழுதினேன். அவர் உள்ளே வரமாட்டார். சந்தில் நிறுத்தியிருக்கும் எங்கள் வண்டியில் நான் ஏறி உட்காருவேன். அவர் வண்டியைத் தொடாமல் பக்கத்தில் நிற்பார். யுத்த காலம். கொழும்புக் கடிதங்களைச் சர்க்கார் பிரித்துப் படித்து ஒட்டி அனுப்புவார்கள். "வெள்ளைக்காரன் படிச்சிட்டான். தபால்காரன் தடவிப் பாத்துட்டான். நான் ஒருத்தன்தான் பாக்கி. படி தாயி," என்பார். நான் படிக்கப் படிக்க வரிக்கு அடியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே வருவார். ஒரு வரி முடிந்து நான் மூச்சு விட்டதும் விரல் அடுத்த வரிக்கு இறங்கும். எழுத்துத் தெரியாதவருக்கு இது எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

எழுதும்போது எனக்குக் கொஞ்சம் அலங்காரம் பண்ண ஆசை. "மகாராஜராஜஸ்ரீ முதலாளி அவர்கள் திவ்ய சமூகத்துக்கு" என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டுவேன்.

"நான் இப்படியா பேசுறேன்?"

"இல்லங்கய்யா."

"அப்ப அத அடிச்சிரு. நாலாம் வீட்டுல மூணு ஓடு உடைஞ்சிருக்கு. பாத்தேன். அம்புட்டுத்தான்."

கடிதத்துக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி கூலி. வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். நாகம்மா அக்கா பாவுக்கு அந்தப் பக்கமிருந்து, "வாய்க்குத் தண்ணி வாங்குனா தப்பு, கண்ணுக்கு எழுத்து வாங்குனா தப்பில்லையா அண்ணாச்சி?" என்றாள். "கூலி குடுத்துட்டேன்ல," என்றார் அவர். அவர் குரலில் வழக்கமான உறுதி இல்லை. அக்கா சொன்னது சரி. குடித்தனக்காரர் மகளிடம் முதலாளி கடிதத்தைக் கொடுத்தது அவர் தன் சட்டத்தில் வைத்த ஒரே ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நான் விழுந்தேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பங்குனியில் சர்க்கார் பரீட்சை. தேறினால் உபாத்தியாயினிப் பயிற்சியில் சேரலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு வந்த பெரியப்பா என் புத்தகங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "ஏலே, டவுன்ல வீடு இருக்கிற மட்டும் இது படிக்கட்டும். வீடு போச்சுன்னா அன்னைக்கே மாட்டப் பூட்டிப் பரளச்சிக்கு வந்துரணும். மழை பேஞ்சிருக்கு, காட்டுல ஆள் இல்ல," என்றார். அப்பா தன் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றவும் தெரியாதவர்.

தை கடைசியில் ஒரு கொழும்புக் கடிதம் வந்தது. வண்டியில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். சௌக்கியம், சுண்ணாம்பு, ஏழாம் வீட்டுக் கதவு. பிறகு கண்ணில் பட்ட வரி இது: "கடைசி வீட்டை மாசிக்குள் காலி செய்து என் தங்கை குடும்பத்துக்கு வைக்கவும்." குண்டு விழும் என்ற பயத்தில் கொழும்பிலிருந்து பலரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது.

என் வாய் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று. "எல்லாக் குடித்தனங்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்," என்று படித்தேன். குரல் மாறாமல்தான் படித்தேன். அவருடைய கட்டைவிரல் மட்டும் தாண்டிய வரிக்கு அடியிலேயே நின்றது. இறங்கவில்லை. அந்த நகத்தில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டிருந்த எங்கள் மாடுகளைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்கய்யா."

கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, கருப்பட்டிச் சில்லை வண்டிப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாவிச் சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு நாள்கூட வளவுக்கு வராமல் இருந்தவர் இல்லை அவர். "அண்ணாச்சிக்குக் காய்ச்சலா?" என்று நாகம்மா அக்கா சந்தை எட்டி எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தபாலாபீஸ் வாசலில் அந்தக் கடிதம் உரத்த குரலில் படிக்கப்பட்டிருக்கும். வண்டிக்காரர் மகள் பொய்யாகப் படித்தாள் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். படித்த பெண் என்ற பேரை அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதை நான் ஒரே வரியில் தொலைத்துவிட்டேன். கருப்பட்டிச் சில்லைத் தின்ன முடியாமல் புத்தகப் பைக்குள் போட்டேன். எறும்பு வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் வந்தார். முழங்கால்வரை செம்மண் புழுதி. குடுக்கை காலியாக இருந்தது, சத்தமில்லை. வண்டிப் பக்கம் வந்து அதே கடிதத்தை நீட்டினார்.

"அன்னைக்கு வெயிலு தாயி. ஒரு வரி கண்ணுல படாமப் போயிருக்கும். இன்னொரு தடவ படி."

அன்றைக்கு அவர் மடித்துச் செருகிய மடிப்பு அப்படியே இருந்தது. யாரும் பிரிக்கவில்லை. நான் படித்தேன். எல்லா வரியையும் படித்தேன். கடைசி வீட்டு வரியையும் தாண்டவில்லை. அவர் விரல் அந்த வரியில் கொஞ்சம் நின்று, பிறகு ஒழுங்காகக் கீழே இறங்கியது.

"சரி," என்றார். "இப்பக் காதுல விழுந்துருச்சு."

அப்பாவைக் கூப்பிட்டார். வேட்டியை இறக்கிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, முறையாகச் சொன்னார். "வண்டிக்காரரே, முதலாளி உத்தரவு. மாசிக்குள்ள வீட்டக் காலி பண்ணிக் குடுக்கணும். உங்க மேல குத்தம் இல்ல. அவுகளுக்கு வேணும்."

அப்பா கொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரளச்சிக்குத்தான் போகணும்," என்றார். அம்மா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போகணும்னா போங்க," என்றார் அவர். "இல்லன்னா, மூணு தெரு தள்ளிச் செக்கு ஓட்டுன வீடு ஒண்ணு இருக்கு. செக்கு இப்ப ஓடல. செக்குமாடு கட்டுன கொட்டில் சும்மா கெடக்கு. வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டு வச்சிருக்கேன். உங்க வீட்டு அடுப்பப் பத்தி நான் சொல்லிட்டேன். வாடகை இதே வாடகை."

"எப்பக் கேட்டு வச்சீக?"

"நேத்து."

"நேத்தே உங்களுக்கு உத்தரவு தெரியுமா?"

"நேத்து எனக்குத் தெரியாது," என்றார் அவர். அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்கு உள்ளங்கால்வரை சுட்டது.

நாங்கள் சாமான் ஏற்றிய நாளில், அம்மா கடைசியாக அடுப்பை மெழுகிவிட்டு வெளியே வந்தாள். அவர் உள்ளே போய்ப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, எங்கள் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டிக்குப் பின்னால் நான் நின்றபோது பக்கத்தில் வந்தார். எனக்குக் கேட்கும்படி மட்டும் பேசினார்.

"கேட்டபொறகு நான் முதலாளி ஆளு தாயி. காலி பண்ணச் சொல்லணுமே தவிர, உங்களுக்கு வீடு தேடிக்கிட்டுத் தெருத்தெருவா அலையக் கூடாது. அவரு சம்பளத்துல உங்க வேலையப் பாத்த மாதிரி ஆயிரும். கேக்காதவரைக்கும் நான் சும்மா ஊர் சுத்துற ஆளு. நாலு நாளு சுத்துனேன்."

"அது எங்க வீட்டு வரின்னு எப்படித் தெரிஞ்சதுங்கய்யா?"

"அடுத்த வீட்டு வரின்னா நீ ஏன் தாண்டப் போற?"

சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய்விட்டார். ஒரு வசவு இல்லை, புத்திமதி இல்லை. இனிமேல் என்னிடம் கடிதம் கொண்டுவர மாட்டார் என்பது மட்டும் நிச்சயம் என்று நினைத்தேன்.

பெரியப்பாவுக்கு அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: வீடு போகவில்லை, மாறியிருக்கிறது. பங்குனியில் பரீட்சை எழுதினேன். தேறினேன். அதை இங்கே நீட்டி எழுதவில்லை. என் பேருக்குப் பின்னால் இப்போது டீச்சர் என்று இருக்கிறதே, அது போதும்.

சித்திரையில் ஒரு காலை, செக்கு வீட்டுச் சந்தில் சாவிச் சத்தம் கேட்டது. தோளில் குடுக்கை இல்லை. அது இல்லாமல் அவரைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கையில் ஒரு வெள்ளைத்தாள். வாசலில் நின்றார். நிலைப்படியைப் பார்த்தார். தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடு தாயி," என்றார் அம்மாவிடம். "இப்ப நீங்க என் குடித்தனம் இல்ல."

அம்மா உள்ளே போனாள். எங்கள் வீட்டில் இரண்டு பானை இருந்தன. ஒன்றில் ஊருணித் தண்ணீர். இன்னொன்று என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. செக்கு வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நாகம்மா அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் தன் குடத்தோடு வந்து அதை நிரப்பிவிட்டுப் போவாள். "அவுக என்னைக்காவது வருவாக," என்று அம்மாவும் அவளும் பேசிக்கொண்டது கேட்டிருக்கிறேன். புழங்குவதற்குத்தான் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். அம்மா முதல் பானையைத் தாண்டிப் போய், இரண்டாவது பானையில் செம்பை முக்கினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவர் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து ஒரு மடக்கு விட்டதும் நின்றார். கன்னம் உப்பியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு விழுங்கினார்.

"இது எந்தக் கிணறு?"

வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகம்மா அக்கா வாசலில் வந்து நின்றிருந்தாள். சாவிச் சத்தத்தைப் பின்தொடர்ந்தே வந்திருக்க வேண்டும்.

"உங்க கிணறுதான் அண்ணாச்சி. ஒம்போது வீட்டுக் கிணறு. கயிறும் வாளியும் எங்களது. செம்பு இவுகளது. சட்டத்துல ஏதும் இடிக்குதா?"

அவர் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். செம்பைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். மறுபடியும் அண்ணாந்து, செம்பு காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பத்தொம்போது வருசமா இதையா வளவுல எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தீக," என்றார். நாகம்மா அக்கா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தாளை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்தேன்.

"எழுது. நம்ம வளவுக் கிணத்துத் தண்ணி உப்பு. குடிச்சுப் பாத்தேன். மேக்க மூலையில வேற கிணறு வெட்டணும்."

எழுதினேன். அவர் சொன்னது எப்படியோ அப்படியே, ஒரு சொல்லையும் சிங்காரிக்காமல் எழுதினேன். முடிந்ததும் தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரிக்கு அடியில் கட்டைவிரலை வைத்தார்.

"படி."

படித்தேன். நான் ஒரு வரியை முடிக்க, விரல் ஒரு வரி இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றது.

"எல்லா வரியும் இருக்கா தாயி?"

"இருக்குங்கய்யா."

விரலை எடுத்துக்கொண்டார்.